மோட்டார் வண்டியும் புதுச் சாரதியும்

நமது கல்லூரி விடுதியின் வாயிலருகே வேப்பமர நிழலில் முன்னாளில் சைக்கிள்களே வரிசையாய் நின்றன. பின்னர் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. இப்பொழுதோ, தமையனார் ஓட்டிக் கழித்தனவும், தரகர் மூலம் இரண்டாங்கையாய் வாங்கினவுமான கார்கள் நான்கைந்து எப்பொழுதும் அங்கு நிற்கக் காண்கின்றோம். அவற்றுள் ஒன்றின் சைலன்சர் முழக்கம் பிற்பகல் வகுப்பிலே நமது சொற்பொழிவை இடைமறித்ததும் உண்டு. அதன்பொருட்டு எவரையும் கடிந்து கொள்ளும் நோக்கம் நமக்கில்லை. நாமும் ஒரு காலத்தில் அவ்விதமே முழக்கித் திரிந்தவர்தாம். அன்றியும், வகுப்பு முடிந்தபின் மாணவர் நம்மைச் சூழ்ந்து கேட்கும் கேள்விகள் ஒளியியலையோ மின்னியலையோ பற்றியன அல்ல. “ஐயா, ஸ்பிரிங்கை வெட்டிவிட்டால் வண்டி தாழ்ந்து நிற்குமாமே?”, “ஐயா, பெரிய சக்கரம் மாட்டினால் என்ன?” என்பனவே பெரும்பாலும். வராந்தாவில் நின்று அவ்வப்போது சொன்னவற்றை ஒருங்கே எழுதி வைத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதலானோம்.

இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல் குற்றமன்று. கோயமுத்தூரைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு அவர்கள் இளம்பருவத்தில் ஆங்கில உத்தியோகஸ்தர் ஒருவரது மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன்மேல் பெருவிருப்புக் கொண்டார். ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியபின் அதனை ஆணி ஆணியாகப் பிரித்து மீண்டும் பூட்டினார். 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸுடன் அவர் தொடங்கிய தொழில் பிற்காலத்தில் எவ்வளவு விரிந்தது என்பதைக் கொங்குநாட்டு மாணவர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. ஈண்டு நாம் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. நாயுடு அவர்கள் பிரித்தது உள்ளது எவ்வாறு இயங்குகின்றது என அறியும்பொருட்டே. இக்காலத்து நம் வாலிபர் பலர் உள்ளது இயங்கும் விதத்தை அறியுமுன்னரே அதனை மாற்றத் தலைப்படுகின்றனர்.

ஆகலின் நாம் முதற்கண் கூறுவது இது: வண்டி கைக்கு வந்தபின் ஓராண்டு, அதனை உள்ளபடியே வைத்து ஓட்டுக. பகலிலும் இரவிலும், மழையிலும் வெயிலிலும், தனியாகவும் ஐவரை ஏற்றிக்கொண்டும் ஓட்டிப் பாருங்கள். இயல்பான குணம் அறியாதவன் மாற்றத்தினால் விளைந்தது யாது என்பதை எங்ஙனம் அறிவான்? வளைவில் வண்டி எவ்வளவு சாயும், பிரேக்கை அழுத்துங்கால் மூக்கு எவ்வளவு தாழும், எத்தனையாம் கியரில் எவ்வளவு மேட்டை ஏறும் என்பவை கால் கைகளுக்குத் தாமாகவே தெரிந்திருத்தல் வேண்டும். கற்பவருக்குரிய லைசென்ஸ் ஆறு மாதம் செல்லும் என்பதும், அதனைப் பெற்று முப்பது நாள் கழிந்தபின்னரே நிலையான லைசென்ஸுக்குப் பரீட்சை கொடுக்கலாம் என்பதும் நீங்கள் அறிந்தனவே. அம்முப்பது நாளில் ஸ்டியரிங்கைத் திருப்பவும் கிளச்சை மிதிக்கவும் ஒருவாறு வருமேயன்றி, ஓட்டும் அறிவு வந்துவிட்டதாக எண்ணலாகாது.

புதிதாய் ஓட்டுவோரிடம் நாம் காணும் பிழைகள் சிலவற்றை இங்கே குறிப்போம். இடக்காலை எந்நேரமும் கிளச்சின்மேல் வைத்திருப்பது ஒன்று. இதனால் கிளச்சுத் தகடு விரைவில் தேயும். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிப்பதாக எண்ணி நியூட்ரலில் விடுவது மற்றொன்று. இக்காலத்து வண்டிகளில் கியரிலிருக்கும்பொழுது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்வதே நின்றுவிடுகின்றது. சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் தானே சுழல வேண்டியிருத்தலால் பெட்ரோல் செலவாகிக்கொண்டேயிருக்கும். மிச்சம் பிடித்தவர் நட்டமே அடைகின்றார். அதனினும் பெரிய நட்டத்தைப் பின்னர்ச் சொல்வோம். மூன்றாவது, ஸ்டியரிங்குக்கு மிக அண்மையில் நெஞ்சு படும்படி அமர்தல். காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த நேரத்தில் வெடித்து விரிவது. அதற்கும் மார்புக்கும் இடையே பத்து அங்குலமாவது வெளி இருக்கவேண்டும். இடப்புறத்துப் பலகையில் காற்றுப்பை மறைந்துள்ள மூடியின்மேல் தெய்வ உருவத்தையோ, வாசனைப் புட்டியையோ ஒட்டி வைக்கும் வழக்கமும் நம்மவரிடம் உண்டு. பை விரியுங்கால் அப்பொருள் அருகிலிருப்பவர் முகத்திலே குண்டுபோற் பாயும். அதனை வேறிடத்தில் வைத்தால் பக்திக்குக் குறைவு யாதுமில்லை.

இனி டயரைப் பற்றிச் சிறிது விரிவாகவே பேசுவோம். ஏனெனில் மற்றெல்லா உறுப்புக்களும் அதன் வாயிலாகவே தரையோடு பேசுகின்றன. ஆயிரம் கிலோ எடையுள்ள கார் ஒன்றினைக் கொள்வோம். ஒவ்வொரு சக்கரமும் சுமப்பது 250 கிலோ, அதாவது ஏறக்குறைய 550 பவுண்டு. டயரிலுள்ள காற்று சதுர அங்குலத்திற்கு 32 பவுண்டு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 17 சதுர அங்குலம் வருகின்றது. நம் உள்ளங்கையின் பரப்பு ஏறக்குறைய இதுவே. நான்கு உள்ளங்கையளவு ரப்பரே ஐந்து உயிர்களைச் சாலையோடு பிணைத்து வைத்திருக்கின்றது. ஓடுவதும் திரும்புவதும் நிற்பதும் அந்நான்கினாலேயே ஆகவேண்டும். எஞ்சினுக்கு எவ்வளவு பலம் கூட்டினும் இப்பரப்பு கூடுவதில்லை.

நிற்கும் தூரத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவன் எதிரே மாடொன்று குறுக்கிடுவதைக் காண்கின்றான். கண்டு, உணர்ந்து, காலை பிரேக்குக்கு மாற்ற ஒன்றரை விநாடி ஆகின்றது எனக் கொண்டால், அதற்குள் 25 மீட்டர் ஓடிவிடுகின்றது. நல்ல டயரும் உலர்ந்த தாரும் இருப்பின் அதற்குமேல் 20 மீட்டரில் நிற்கும். ஆக 45 மீட்டர். அதே மனிதன் 120-இல் சென்றால், உணரும் நேரத்தில் 50 மீட்டர். பிரேக் பிடித்தபின் 40 அன்று, 80 மீட்டர். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதை இன்டர்மீடியட் வகுப்பிலேயே நாம் கரும்பலகையில் எழுதியிருந்தோம். நெடுஞ்சாலையில் அதே சூத்திரந்தான் எழுதப்படுகின்றது. முதல் மழை பெய்து எண்ணெய்ப் பசையோடு ஈரமான சாலையில் இத்தூரங்கள் இன்னும் நீளும். டயரின் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் இருத்தலைக் காணலாம். மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டோடு சமமாயிற்றெனின் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டரே எஞ்சியுள்ளது என்று பொருள். அதன்பின் அந்த டயரை வைத்திருத்தல் தகாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமுள்ள எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 2319 எனின், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் மூடியைத் திறக்குமுன் இவ்வெண்ணைப் படிக்கவேண்டும். பள்ளம் ஆழமாயிருப்பினும், ஆண்டுகள் பலவாயின் ரப்பர் இறுகி ஒட்டும் குணம் குறைந்திருக்கும்.

இவ்விடத்தில் நமது சொந்தக் கதை ஒன்றைச் சொல்லாமல் மேற்செல்ல இயலவில்லை. நமக்கு இருபத்திரண்டு வயது நடந்தபொழுது, நண்பர் மூவரோடு கூட்டாகப் பழைய சிறு கார் ஒன்றை வாங்கினோம். கையிலிருந்த பணமனைத்தையும் புதுச் சைலன்சர், இரட்டைக் குழல் ஹாரன், அகன்ற சக்கரம், மஞ்சள் விளக்கு இவற்றிற்கே செலவிட்டோம். பட்டறையில் இருந்த முதிய மெக்கானிக், “தம்பி, பிரேக் ஆயில் கறுத்துக் கிடக்கிறதே, அதை மாற்றிவிடலாமா?” என்று கேட்டார். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றோம். ஒரு ஞாயிறன்று நால்வரும் ஏற்காடு சென்று, மாலையில் சேலத்துக்கு இறங்கலானோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளுள்ள பாதை அது. பெட்ரோலைச் சேமிக்கும் கெட்டிக்காரத்தனத்தால் பெரும்பாலும் நியூட்ரலிலேயே, பிரேக்கை மிதித்தபடி வந்தோம். பாதி மலை இறங்கியபின் ஒரு வளைவின் முன்னே மிதித்த பெடல் பஞ்சுபோல் அமுங்கித் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

அப்பொழுது நிகழ்ந்தது யாதெனப் பின்னர் அறிந்தோம். 900 கிலோ எடை ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குங்கால் வெளிப்படும் ஆற்றல், அறையின் வெப்பநிலையிலுள்ள 35 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதியது. அவ்வெப்பத்தில் பெரும்பகுதியையும் எஞ்சினிடம் பகிர்ந்து கொடாமல் பிரேக்கின் தலையிலேயே நாம் சுமத்திவிட்டோம். பிரேக் ஆயில் என்னும் திரவமோ காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் உறிஞ்சும் இயல்பினது. டாட் 4 என்னும் வகை புதிதாயிருக்கையில் கொதிக்க 230 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும்; ஈரம் ஏறியபின் அதற்குரிய குறைந்த அளவு 155 டிகிரியே. திரவம் கொதித்தால் குழாயினுள் ஆவிக்குமிழி உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. ஆவியையோ எளிதில் சுருக்கலாம். நாம் மிதித்த மிதியெல்லாம் அக்குமிழியைச் சுருக்கவே செலவாயிற்று, சக்கரத்தை எட்டவில்லை.

ஓட்டியவர் நம் நண்பர். பதறாமல் கியரைப் பலவந்தமாய் மூன்றிலும் பின் இரண்டிலும் போட்டார், எஞ்சின் அலறிற்று. கைப்பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, பள்ளத்தாக்கின் பக்கம் விடாமல், மலைச்சரிவின் பக்கமே வண்டியை உராயவிட்டு நிறுத்தினார். முன்னிருக்கையில் அமர்ந்திருந்த நமது வலக்கை, நண்பரைத் தாங்கிப் பிடிக்க நீட்டியதில் முறிந்தது. இன்றும் கரும்பலகையின் மேல்வரிசையில் எழுதுங்கால் அக்கை முழுதும் நிமிர்வதில்லை. மாணவர் அதனை வயதின் குறை என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். அன்று பிரேக் ஆயிலுக்கு ஆகியிருக்கும் செலவு ஹாரனின் விலையில் பத்தில் ஒரு பங்குமில்லை.

ஆகலின் மலையிறங்குவோர், ஏறுவதற்கு வேண்டிய கியரிலேயே இறங்குக. பிரேக்கை இடைவிடாது தேய்த்துக்கொண்டிராமல், அழுத்தமாய்ச் சிறிது நேரம் பிடித்துப் பின் விட்டு விட்டுப் பிடிக்க. ஆயிலை இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுதல் நன்று.

இனி மாற்றங்களுக்கு வருவோம். ஸ்பிரிங்கை வெட்டுதலே மாணவர் மிகுதியும் கேட்பது. சுருள்வில்லின் சுற்றுக்கள் குறையக் குறைய அதன் கடினம் மிகும். எட்டுச் சுற்றில் இரண்டை வெட்டினால் கடினம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே சமயம் மேலும் கீழும் அசைவதற்குரிய இடம் குறையும். ஷாக் அப்சார்பர் பழைய வில்லுக்கென அமைந்தது. புதிய கடினத்தை அடக்க அதற்கு வலிவில்லை. விளைவாக வண்டி வேகத்தடை தோறும் அடிதட்டும். வளைவிலுள்ள குழியில் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். சக்கரம் தொங்கும்படி மேலெழும்போது குட்டையான ஸ்பிரிங் தன் இருக்கையினின்று விலகிவிடவும் கூடும். வண்டியைத் தாழ்த்தியே தீரவேண்டுமெனின், அதற்கென ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் பொருத்தமாய்ச் சேர்த்துச் செய்தவை உள்ளன. அவற்றைப் பொருத்தியபின் சக்கரக் கோணங்களை மீண்டும் சரிபார்த்தல் வேண்டும். விலையைக் கேட்டமாத்திரத்தில் அவ்வாசை பலருக்கு அடங்கிவிடுவதைக் கண்டிருக்கின்றோம்.

சக்கரத்தின் கதையும் கணக்கே. 185/65 ஆர் 15 என்னும் டயரின் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம். உள்வட்டம் 15 அங்குலம். முழு விட்டம் 621 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதற்குப் பதிலாக 205/55 ஆர் 16 போட்டால் 632. வேறுபாடு இரண்டு சதவீதத்திற்கும் குறைவு. அகலமும் பெரிதாய் உயரமும் பெரிதாய் வேண்டுமென்று 205/65 ஆர் 16 போட்டாலோ 673 ஆகின்றது. வேகமானி 60 காட்டும்பொழுது உண்மையில் 65-இல் செல்கின்றீர்கள். டயர் உட்புறத்தில் உராயும். பிரேக்கின் பிடியும் அவ்வளவுக்குக் குறையும். சக்கரம் வெளியே துருத்தி நிற்கவேண்டும் என்று இடையில் வட்டுக்களைச் செருகுவோரும் உளர். பேரிங்கின் மேல் நெம்புகோல்போல் எடை அழுத்துமென்பதை அவர்கள் நினைப்பதில்லை.

விளக்கைப் பற்றி ஒரு சொல். 60 வாட் பல்பு இரண்டும் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். 100 வாட் பல்பு இரண்டு போட்டால் ஏறக்குறைய 17 ஆம்பியர். கம்பியில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், கிட்டத்தட்ட மூன்று மடங்காகின்றது. பழைய கம்பியும் ஸ்விட்சும் இதனைத் தாங்கா. பியூஸ் அடிக்கடி போகின்றதென்று பெரிய பியூஸ் போடுவது, வாயிற்காவலன் கூச்சலிடுகின்றான் என்று அவன் வாயைக் கட்டுவதை ஒக்கும். பின் எரிவது கம்பியே. அன்றியும், எதிரே வருபவன் கண்ணைக் குருடாக்கிவிட்டு நாம் மட்டும் நன்கு காண்பதில் பயன் யாது? அவன்தானே நம்மீது மோதவேண்டியவன்! மங்கலான விளக்குக்கு, மஞ்சள் பூத்த முகக் கண்ணாடியைத் துலக்கி, கோணத்தைச் சீர்செய்தலே பெரும்பாலும் போதிய மருந்து.

சைலன்சரைப் பற்றி மிகுதியாய்ச் சொல்ல வேண்டுவதில்லை. ஓசை கூடுமளவுக்குப் பலம் கூடுவதில்லை. அதனோடு புகையைச் சுத்திசெய்யும் உறுப்பையும் அறுத்தெறிபவர் விடுதியிலுள்ளோர் அனைவர்க்கும் நஞ்சூட்டுகின்றனர். இணைப்பில் கசிவிருப்பின் முதலில் தமக்கே.

சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்திலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு சொந்தக்காரர் வண்டியை மாற்றலாகாது. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டில் செய்த திருத்தத்தினால், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றிற்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எஞ்சினை மாற்றவும், எரிவாயுக் கருவி பொருத்தவும், நிறத்தை மாற்றவும் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, புத்தகத்திலும் குறிக்கச் செய்தல் வேண்டும். முன்னே பொருத்தும் இரும்புக் காப்புக் கம்பிகளை மத்திய அரசாங்கம் 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் விலக்கிற்று. பதினெட்டு நிரம்பாத தம்பி காரை ஓட்டி அகப்பட்டால் தண்டனை தந்தையாருக்கு: மூன்றாண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். இவற்றோடு இன்ஷ்யூரன்ஸையும் நினைவிற் கொள்க. செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவியாமல் மறைத்தால், விபத்து நேர்ந்தபின் வண்டிக்குரிய தொகையை அவர்கள் மறுக்க இடமுண்டு.

வேகத்தில் விருப்பமுடையார்க்கு வழியே இல்லையோ எனின், உண்டு. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கத்தார், யுத்தகாலத்து விமானத்தளமாயிருந்த சோழவரத்தில் நெடுங்காலம் பந்தயம் நடத்தினர். பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் தனிப்பாதை அமைத்தனர். கோயமுத்தூர் செட்டிபாளையத்தில் காரி பெயரால் மற்றொன்று உள்ளது. எஸ். கரிவரதன் என்னும் அவர், மாருதி எஞ்சினைக் கொண்டு குறைந்த விலையில் பந்தய வண்டிகளைச் சமைத்து இளைஞர் பலருக்கு வழிகாட்டியவர். 2005-இல் பார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நாராயண் கார்த்திகேயனும் அவ்வூரினரே. அப்பாதைகளில் எதிரே லாரி வாராது. வளைவுக்கப்பால் பள்ளிப் பிள்ளைகள் நில்லார். தலைக்கவசமும், தீயணைப்போரும், ஆம்புலன்ஸும் காத்திருப்பர். ஒருநாள் அங்கு சென்று சுற்றியவர்க்கு முதலிற் புலப்படுவது, தமது பிரேக்கும் டயரும் எத்துணை விரைவில் களைத்துப்போகின்றன என்பதே.

தாமே பழுதுபார்க்க விரும்புவோர்க்கு ஒன்றை வற்புறுத்திச் சொல்வோம்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்ப் புகாதீர். சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, வலிய தாங்கிகளின்மேல் எடையை இறக்கியபின்னரே தலையை நீட்டுக. மின்கம்பியைத் தொடுமுன் பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றுக. சக்கர நட்டுகளை வரிசையாய் அன்றி, எதிரெதிராய் முடுக்குக. ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் பார்க்க.

சென்ற ஆவணி மாதத்தில் மாணவர் ஒருவர் புதுச் சைலன்சர் வாங்கச் சேர்த்த பணத்தோடு, நல்ல கடை எது என்று கேட்க வந்தார். கடையைச் சொல்லுமுன், வாருங்கள் தம்பி என்று அவருடைய வண்டியண்டை சென்று குனிந்து டயரைப் பார்த்தோம். பின்டயர்களிலிருந்த எண் 1114. அவரும் குனிந்து படித்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “ஐயா, இருக்கும் பணத்துக்கு இரண்டுதான் வரும், முன்னாலே போடட்டுமா?” என்றார். முன்சக்கரம் இழுக்கும் வண்டியாயினும் புதியவற்றைப் பின்னாலேயே போடவேண்டும் என்றோம். ஈரத்தில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே செல்லும். காலை எடுத்தால் பிடி திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் வழுக்கினாலோ வண்டியே சுழன்றுவிடும். புதிய சாரதியால் அதனை மீட்டல் அரிது. ஆகவே முன்னிருந்த, அவ்வளவு பழையவல்லாத இரண்டையும் அங்கேயே விட்டு, பின்னே புதியன இரண்டு போட்டுக்கொண்டு வந்து காட்டினார். எஞ்சிய இரண்டைப் பொங்கலுக்கு வாங்குவதாகச் சொல்லியிருக்கின்றார்.